மண்டையோடு வரை சொறிந்த பெண்: ஓர் அரிப்பின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் 39 வயதுப் பெண் ஒருவருக்கு நெற்றிப் பக்கம் அக்கி வந்தது. கொப்புளங்கள் ஆறிவிட்டன. அக்கி ஆறிய பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் எரிச்சலான வலி தங்கிவிடும். இவருக்கு அந்த வலி வரவில்லை, அதே இடத்தில் தாங்க முடியாத அரிப்பு வந்தது. ஒரு வருடத்துக்குள் அவர் தோலைச் சொறிந்து, அதற்கடியில் இருந்த முன்மண்டை எலும்பையும் சொறிந்து, மூளை வரைக்கும் போய்விட்டார். மிகைப்படுத்தவில்லை. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் ஆன் லூயிஸ் ஓக்லாண்டரும் அவருடைய குழுவினரும் 2002இல் ‘பெயின்’ மருத்துவ இதழில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இத்தனையும் வலியே இல்லாமல் நடந்தது என்கிறது அந்த அறிக்கை.

படித்தவுடன் எல்லாருக்கும் கண்ணில் படுவது எலும்பும் மூளையும்தான். எனக்கு அந்த ‘வலியே இல்லாமல்’ தான் முக்கியமாகப் படுகிறது. வலி போன இடத்தில் அரிப்பு மட்டும் எப்படி இருக்க முடியும், அதுவும் இந்த அளவுக்கு? 2002இல் இதற்கு ஊகங்கள்தான் இருந்தன. அதற்கப்புறம் வந்த தண்டுவட ஆய்வுகளை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் கேஸ் நிறையவே பிடிபடுகிறது.

சோதனையில் கிடைத்தது

அரிப்பு இருந்த தலைத்தோலிலிருந்தும் நன்றாக இருந்த தலைத்தோலிலிருந்தும் சின்னச் சின்ன பயாப்சி எடுத்தார்கள். தோலின் மேலடுக்கு வரை நூல்போல ஏறி வந்து நிற்கும் நரம்பு நுனிகளை மட்டும் சாயமேற்றிக் காட்ட ஒரு முறை இருக்கிறது. அதை வைத்து எண்ணினார்கள். அரிக்கிற இடத்தில் 96 சதவீத நரம்பு நுனிகள் இல்லை. நூறு இருக்க வேண்டிய இடத்தில் நாலு. தொடுதல், சூடு, குத்தல் மாதிரியான உணர்ச்சிகளை அளந்து பார்க்கும் சோதனையும் செய்தார்கள். பெரும்பாலான உணர்ச்சிகள் கடுமையாகக் குறைந்திருந்தன, அரிப்பு மட்டும் குறையவில்லை.

அரிப்பு என்றாலே தோலில் ஏதோ ஒன்று அதிகமாக நடக்கிறது என்றுதான் நாம் நினைப்போம். கொசு கடித்தது, ஒவ்வாமை, படை, சிரங்கு என்று எதை எடுத்தாலும் தோலில் ஒரு காரணம் இருக்கும், அதை நரம்பு மேலே சொல்லும். இங்கே சொல்ல வேண்டிய நரம்பே பெரும்பாலும் செத்துப்போயிருக்கிறது.

இந்த மாதிரி நோயாளி உள்ளே வந்தால் முதலில் இரண்டு சந்தேகம் வரும். ஒன்று அலர்ஜி. அலர்ஜியின்போது தோலில் சுரக்கும் ஹிஸ்டமின் எவ்வளவு சுரந்தாலும் அது ஒரு நரம்பு நுனியைத் தொட்டால்தான் அரிப்பு. தொடுவதற்கு நூற்றில் நாலுதான் மிச்சம் என்னும்போது அலர்ஜி மாத்திரையை மேலும் மேலும் கூட்டுவதில் அர்த்தமில்லை. இரண்டாவது, மனசு. தன் உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று நம்பிச் சொறிகிறவர்கள் இருக்கிறார்கள், நிறுத்த முடியாத பழக்கமாகத் தோலைக் கிள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் அந்தச் சந்தேகத்தைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் இவருடைய அரிப்பு அக்கி வந்த நரம்பின் எல்லைக்குள் இருந்தது, அங்கே நரம்பு நுனிகள் இல்லை என்பது நுண்ணோக்கியில் தெரிந்தது. நரம்பு நுனிகளை யாரும் கற்பனை செய்து அழிக்க முடியாது. தோலில் புண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாமல் அரிக்கிறது என்று வருகிறவரை மனநலத் துறைக்கு எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவது மருத்துவத்தில் சுலபமான வழி; தோலை ஒரு தடவை ஊசிமுனையால் தொட்டுப் பார்த்திருந்தாலே விஷயம் வேறு என்று தெரிந்திருக்கும் நோயாளிகள் அதில் எத்தனை பேரோ.

நெற்றியில் வந்த நோய்க்குத் தண்டுவடம் எங்கே வந்தது?

அக்கியை உண்டாக்குவது சின்னம்மை வைரஸ்தான். சிறு வயதில் அம்மை இறங்கின பிறகும் அது உடம்பை விட்டுப் போகாது. தண்டுவடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நரம்பு முடிச்சுகளிலும், முகத்துக்கு என்றால் மண்டைக்குள்ளே இருக்கிற டிரைஜெமினல் முடிச்சிலும் பல வருடம் பதுங்கியிருக்கும். எதிர்ப்புச் சக்தி தளரும்போது கிளம்பி, அந்த ஒரு நரம்பின் வழியாகவே தோலுக்கு வரும். அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருகிறது. (நம்மூரில் அக்கிக்குக் காவி எழுதுவார்கள். கொப்புளம் தானாகவே ஆறுகிற நோய் என்பதால் காவிக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. வைரஸ் இருப்பதோ நரம்பு முடிச்சில், காவி அங்கே போகாது. முதல் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் தடுப்பு மாத்திரையைத் தொடங்கிவிட்டால் பலன் அதிகம், அந்த நேரத்தைத்தான் காவி தின்றுவிடுகிறது.)

முடிச்சில் இருக்கிற ஒவ்வொரு நரம்பணுவுக்கும் இரண்டு கிளை. ஒன்று தோலுக்குப் போகும், இன்னொன்று தண்டுவடத்துக்குள் போகும். வைரஸ் நரம்பணுவைக் கொன்றால் இரண்டு முனையும் சேர்ந்தே அழியும். பயாப்சியில் நாம் பார்த்தது தோல்பக்க முனை போனதை மட்டும்தான். அதே அளவு அழிவு உள்ளேயும் நடந்திருக்கும், அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

கை, கால், முதுகு, வயிறு இங்கிருந்து வரும் வலி, அரிப்பு, சூடு, குளிர் எல்லாம் தண்டுவடத்தின் பின்கொம்பு என்கிற சாம்பல்நிறப் பகுதிக்குள் நுழைகின்றன. முகத்து நரம்பு மூளைத்தண்டில் நுழைந்தாலும், வலியையும் அரிப்பையும் சுமக்கும் இழைகள் அங்கே நிற்காமல் கீழே இறங்கி, முகுளத்தின் அடிப்பகுதிக்கும் கழுத்துத் தண்டுவடத்தின் மேல்பகுதிக்கும் வந்துதான் அடுத்த நரம்பணுவைச் சந்திக்கின்றன. அந்த இடத்தின் அடுக்கமைப்பு தண்டுவடத்தின் பின்கொம்பு மாதிரியே இருக்கும், அதன் தொடர்ச்சிதான், பெயரே முகுளப் பின்கொம்பு. ஆகவே நெற்றியில் நடந்த இந்தக் கேஸைத் தண்டுவடச் சுற்றை (நரம்பணுக்களின் இணைப்பு வலையை) வைத்து விளக்குவதில் ஏமாற்று எதுவும் இல்லை.

பின்கொம்பை வெறும் கம்பி இணைப்புப் பெட்டி என்று நினைத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். 1952இல் பிரோர் ரெக்செட் பூனையின் தண்டுவடத்தை அடுக்கடுக்காகப் பிரித்து எண் கொடுத்தார். நமக்கு வேண்டியது மேலே இருக்கிற முதல் இரண்டு மூன்று அடுக்குகள். எலிகளில் எண்ணிப் பார்த்ததில், இந்த அடுக்குகளில் இருக்கிற நரம்பணுக்களில் மூளைக்குச் செய்தி அனுப்புகிறவை சுமார் ஒரு சதவீதம்தான். மீதி எல்லாம் உள்ளூரிலேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறவை. அவற்றில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை காபா, கிளைசின் போன்றவற்றைச் சுரந்து பக்கத்தில் இருப்பதை அடக்குகிறவை. ஒரு செய்தி மேலே போவதற்கு முன்னால் இத்தனை பேர் அதில் கை வைக்கிறார்கள்.

1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட வாயில் கோட்பாடு இதைத்தான் முதலில் தைரியமாகச் சொன்னது. தொடுதலைச் சுமக்கும் தடித்த இழைகள் பின்கொம்பில் இருக்கும் தடுப்பு நரம்பணுக்களை எழுப்பிவிடும், அவை வலிச் செய்தியை அமுக்கும். முழங்கால் இடித்துக்கொண்டால் கை தானாகத் தேய்க்கப் போவது அதனால்தான். அவர்கள் வரைந்த இணைப்புப் படம் அப்படியே நிற்கவில்லை, நிறைய திருத்தங்கள் வந்துவிட்டன. இருந்தாலும் தடுப்பு நரம்பணுக்கள் என்கிற பிரேக் தண்டுவடத்திலேயே இருக்கிறது என்ற அடிப்படை இன்றைக்கும் நிற்கிறது. இந்தக் கேஸுக்கு அதுதான் சாவி.

அரிப்பு என்பது சின்ன வலியா?

ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினார்கள். சி-இழைகள் என்கிற அதே மெல்லிய நரம்பு இழைகள், அதே பின்கொம்பு, தண்டுவடத்தில் மேலே ஏறும் அதே பாதை. தீராத வலிக்காக அந்தப் பாதையை வெட்டினால் வலியோடு அரிப்பும் போய்விடுகிறது. ஆகவே வலி நரம்பு லேசாகத் துடித்தால் அரிப்பு, பலமாகத் துடித்தால் வலி. அழகான கோட்பாடுதான். நம்முடைய நோயாளி ஒருவரே அதற்கு எதிர்ச்சாட்சி: வலி நரம்புகள் போய்விட்டன, அரிப்பு வளர்ந்திருக்கிறது. இன்னொரு எதிர்ச்சாட்சி மார்ஃபின். வலியைக் குறைக்கும் அதே மருந்து அரிப்பைக் கிளப்பும். அரிப்பு சின்ன வலியாக இருந்தால் மார்ஃபின் அதைத்தானே முதலில் அணைக்க வேண்டும்?

1997இல் மார்ட்டின் ஷ்மெல்ஸ் குழுவினர் மனிதர்களின் தோல் நரம்பிலேயே மின்முனையை வைத்துப் பார்த்து, ஹிஸ்டமினுக்கு நீண்ட நேரம் துடிக்கிற, தொட்டாலோ குத்தினாலோ அசையாத ஒரு வகை சி-இழைகளைக் கண்டுபிடித்தார்கள். அரிப்பு எவ்வளவு நேரம் இருந்ததோ அவ்வளவு நேரம் அவையும் துடித்தன. ஒவ்வோர் இழையும் தோலில் மிகப் பெரிய பரப்பைப் பார்த்துக்கொள்ளும் என்பதும் அப்போது தெரிந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

எல்லா அரிப்பும் ஹிஸ்டமின் அரிப்பு இல்லை என்பதற்கு நம் வேலியிலேயே ஒரு சாட்சி வளர்கிறது. பூனைக்காலிக் காயின் மேலிருக்கும் சுணை பட்டால் எப்படி அரிக்கும் என்று கிராமத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். அந்தச் சுணையில் இருக்கிற ஒரு புரதம் அறுக்கும் நொதி வேறொரு வகை சி-இழைகளை வேறு வழியில் எழுப்புகிறது, ஹிஸ்டமினுக்கு அதில் வேலையில்லை. அரிப்பு ஆய்வுக்கூடங்களில் இந்தச் சுணையை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

தண்டுவடத்துக்குள் கதவு திறந்தது 2007இல். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோ-ஃபெங் சென்னின் குழு, பின்கொம்பின் மேலடுக்கில் ஜி.ஆர்.பி.ஆர். என்ற ஏற்பி (செய்திப் பொருள் வந்து ஒட்டும் புரதம்) அரிப்புக்கு வேண்டும், வலிக்கு வேண்டாம் என்று காட்டியது. 2009இல் அதே குழு அந்த ஏற்பியைத் தாங்கிய நரம்பணுக்களை மட்டும் குறிவைத்து நச்சு கொடுத்து அழித்தது. அந்த எலிகள் எந்த அரிப்புப் பொருளைக் கொடுத்தாலும் கிட்டத்தட்ட சொறியவில்லை. சுட்டால், குத்தினால் வழக்கம்போலத் துள்ளின. தண்டுவடத்தில் அரிப்புக்கென்று தனிக் கூட்டம் ஒன்று இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கேட்க முடியாது.

எலிக்கு அரிக்கிறதா வலிக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. எலியின் கன்னத்தில் ஊசி போடுவார்கள். வலித்தால் முன்காலால் துடைக்கும், அரித்தால் பின்காலால் சொறியும். எளிமையான இந்த யுக்தி 2008இல்தான் வந்தது. அதை வைத்து 2013இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சின்சோங் டோங்கின் குழு ஒரு குறும்பான சோதனை செய்தது: மிளகாயின் காரப்பொருளை உணரும் ஏற்பியை, எம்.ஆர்.ஜி.பி.ஆர்.ஏ3 என்ற குறி உள்ள அரிப்பு நரம்பணுக்களில் மட்டும் வைத்துவிட்டு, உடம்பில் மற்ற எங்கும் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு மிளகாய்க் காரத்தைச் செலுத்தினால் எலி துடைக்கவில்லை, சொறிந்தது. எந்த நரம்பு எழுப்பப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் உணர்ச்சி. ஒரேயடியாக அப்படியும் சொல்லிவிட முடியாது. அதே ஹாப்கின்ஸ் குழு 2017இல் சொன்னது, தண்டுவடத்தின் அரிப்புப் பாதையில் இருக்கிற சில நரம்பணுக்கள் வலிக்கும் லேசாகத் துடிக்கின்றன, வலி பலமானால் தடுப்பு நரம்பணுக்கள் கிளம்பி அந்தப் பாதையை மூடுகின்றன என்று. தனித்தனி கம்பிகள் இருக்கின்றன, ஆனால் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன.

பிரேக்கைக் கழற்றினால்

கேஸுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2010இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே மாதிரி வேலை செய்தன. வலி உணரும் நரம்பணுக்கள் தண்டுவடத்தில் குளுட்டமேட் என்ற செய்திப் பொருளை வெளியிட முடியாதபடி, அதை நிரப்பும் வி-குளுட்-2 என்ற புரதத்தை எடுத்துவிட்டார்கள். வலி குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அந்த எலிகள் தாமாகவே விடாமல் சொறிய ஆரம்பித்துப் புண்ணாக்கிக்கொண்டன. வலிச் செய்தி சாதாரணமாகவே அரிப்பை அடக்கி வைத்திருக்கிறது, அது நின்றால் அரிப்பு கட்டவிழ்கிறது. பாஸ்டன் நோயாளியின் கதையை எலியில் மறுபடி எழுதியது போல இருக்கிறது, நரம்பு சாகவில்லை, வாய் மட்டும் அடைக்கப்பட்டது என்பதுதான் வித்தியாசம்.

அதே 2010இல், அப்போது ஹார்வர்டில் இருந்த சாரா ராஸ் வேறொரு எலியைப் பற்றி எழுதினார். பி.ஹெச்.எல்.ஹெச்.பி5 என்ற மரபணு இல்லாத அந்த எலிகளின் தோலில் நோய் ஏதும் இல்லை, ஆனாலும் ரோமம் போய்ச் சதை தெரியும் வரை தம்மைத் தாமே சொறிந்துகொண்டன. தேடிப் போனால் பின்கொம்பில் ஒரு வகைத் தடுப்பு நரம்பணுக்கள் இல்லை. பிட்ஸ்பர்குக்குப் போன பிறகு 2014இல் அவருடைய குழு அந்த நரம்பணுக்கள் டைனார்ஃபின் என்ற பொருளை வெளியிடுகின்றன, அது கப்பா வகை ஓபியாய்டு ஏற்பி (மார்ஃபின் இனப் பொருள்கள் ஒட்டும் ஏற்பிகளில் ஒன்று) வழியாக அரிப்பை அடக்குகிறது, ஆனால் வலியை அப்படி அடக்குவதில்லை என்று காட்டியது. இன்னொன்றையும் காட்டியது: மெந்தாலும் மிளகாய்க் காரமும் எழுப்புகிற இழைகள் இதே நரம்பணுக்களைப் போய்த் தட்டுகின்றன. அரிக்கிற இடத்தில் ஐஸ் வைத்தால், புதினாச் சத்துள்ள தைலம் தடவினால், சுடுதண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரம் அடங்குவது தோலில் நடக்கிற மாயம் இல்லை, தண்டுவடத்தில் பிரேக் அழுத்தப்படுகிறது. (சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். அடங்கும், பிறகு தோல் காய்ந்து இரண்டு மடங்காகும்.)

2015இல் சால்க் நிறுவனத்தில் மார்ட்டின் கோல்டிங்கின் குழு எழுதியது இன்னொரு பிரேக்கைப் பற்றி. நியூரோபெப்டைட் ஒய் என்ற குறி உள்ள தடுப்பு நரம்பணுக்களை முடக்கினால் எலியின் ரோமத்தை லேசாகத் தொட்டாலே அது சொறிகிறது. வேதிப்பொருளால் வரும் அரிப்பு மாறவில்லை. ஸ்வெட்டர் உரசல், கழுத்துப்பட்டை உரசல் இதெல்லாம் அரிப்பாக மாறாமல் வேறொரு கூட்டம் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆக, அரிப்புக்கு ஒரே ஒரு பிரேக் இல்லை.

சொறிந்தால் ஏன் சுகமாக இருக்கிறது என்பதற்கும் தண்டுவடத்தில் விடை உண்டு. மினசோட்டாவில் ஸ்டீவ் டேவிட்சனும் க்ளென் கீஸ்லரும் 2009இல் குரங்குகளின் தண்டுவடத்தில், மூளைக்குச் செய்தி ஏற்றும் நரம்பணுக்களிலிருந்து நேரடியாகப் பதிவெடுத்தார்கள். ஹிஸ்டமின் போட்டு நரம்பணு துடிக்கும்போது அந்தத் தோலைச் சொறிந்தால் துடிப்பு அடங்கியது. மிளகாய்க் காரத்தால் துடிக்கும்போது சொறிந்தால் அடங்கவில்லை. ஒரே சொறிதல், ஒரே இடம். அரிப்பு இருந்தால் மட்டும் பிரேக் வேலை செய்கிறது. சொறிதல் சும்மா ஒரு கெட்ட பழக்கம் அல்ல, தண்டுவடம் அதற்கென்று ஒரு சுற்று வைத்திருக்கிறது.

மூன்று ஊகங்களும் என் தீர்ப்பும்

2002 அறிக்கை மூன்று சாத்தியங்களை முன்வைத்தது. உள்ளீடு இழந்த மைய அரிப்பு நரம்பணுக்கள் தாமாகவே துடிக்கின்றன என்பது ஒன்று. பக்கத்து நரம்பின் எல்லையிலிருந்து வந்த அரிப்பு இழைகள் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன என்பது இன்னொன்று. தண்டுவட மட்டத்தில் தூண்டலுக்கும் தடுப்புக்கும் இருந்த சமநிலை குலைந்துவிட்டது என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம் என்றுதான் எழுதியிருந்தார்கள், பிந்தைய ஆய்வுகளோடு பார்த்தால் அந்த நிதானம் சரியாகவே இருந்திருக்கிறது.

முதல் ஊகம் தனியாக நிற்காது என்பது என் எண்ணம். நரம்பு அறுந்தால் அடுத்த நரம்பணு தானாகத் துடிப்பது உண்மைதான், வெட்டப்பட்ட காலில் வலி வருவதும் அந்த வகைதான். ஆனால் அப்படித் துடிப்பது பெரும்பாலானவர்களுக்கு வலியாகத்தான் வருகிறது. இவருக்கு ஏன் அரிப்பு மட்டும் என்பதற்கு அதில் பதில் இல்லை. இரண்டாவதற்கு நல்ல பொருத்தம் உண்டு: அரிப்பு இழைகள் பெரிய பரப்பைப் பார்க்கிறவை என்று மேலே சொன்னேன் அல்லவா, பக்கத்து நரம்பின் இழை ஒன்று எல்லை தாண்டி இந்தப் பக்கம் நீண்டிருக்க வாய்ப்பு அதிகம், மிச்சமிருந்த நாலு சதவீதத்தில் அவை இருக்கலாம். ஆனால் நாலு சதவீத இழை மண்டையோட்டைத் துளைக்க வைக்குமா? பின்கொம்பில் யாரும் அதை அடக்கவில்லை என்றால் வைக்கும்.

அதனால் மூன்றாவதுதான் நடு மரம், மற்ற இரண்டும் அதில் படர்ந்தவை. வலி, சூடு, குளிர், தொடுதல் எல்லாம் வந்து தட்டித்தான் தடுப்பு நரம்பணுக்கள் விழித்திருக்கின்றன. அந்த உள்ளீடு 96 சதவீதம் நின்றுபோனது. கொஞ்சநஞ்சம் தப்பிய அரிப்புச் செய்தியும், தானாகத் துடிக்கிற நரம்பணுக்களின் செய்தியும் தடையில்லாமல் மேலே ஏறின. இதற்கு மேல் ஒரு கொடுமை: சொறிந்தால் அடங்க வேண்டுமே, அந்தச் சுற்று வேலை செய்யச் சொறிதலின் செய்தி தண்டுவடத்துக்குப் போயாக வேண்டும். போவதற்கு நரம்பு இல்லை. சொறிந்தாலும் அடங்கவில்லை, ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல வேண்டிய வலியும் வரவில்லை. எலும்பு வரை போனதற்கு அரிப்பின் பலத்தைவிட இந்த இரட்டை இழப்பே காரணம் என்று நினைக்கிறேன்.

இது ஏதோ உலக அதிசயம் அல்ல என்பதற்கு ஒரு பக்கச் சான்றும் உண்டு. முகத்தில் மின்னல்போல் வெட்டும் டிரைஜெமினல் வலிக்காக அந்த நரம்பு முடிச்சைச் சுட்டோ மருந்து செலுத்தியோ செயலிழக்க வைப்பார்கள். வலி போகும், கன்னம் மரத்துப்போகும், சிலருக்கு அதற்கப்புறம் மூக்கின் ஓரத்தில் ஆறாத புண் வரும். காரணம் தேடினால் மரத்த இடத்தில் ஊர்கிற மாதிரியும் அரிக்கிற மாதிரியும் இருப்பதால் தம்மை அறியாமலேயே கிள்ளிக்கொண்டிருப்பார்கள். அதே சுற்று, அதே குறை.

மார்ஃபின் அரிப்பு

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும்போது மயக்க மருந்தோடு கொஞ்சம் மார்ஃபின் சேர்ப்பது உண்டு. வலி நன்றாகக் குறையும், பல பெண்களுக்கு மூக்கிலும் முகத்திலும் அரிக்கும். தோலில் எதுவும் இருக்காது, அலர்ஜி மாத்திரையால் பெரிய பலனும் இருக்காது. 2011இல் சென் குழு, மார்ஃபின் ஒரு தனி வகை ஏற்பி வழியாக ஜி.ஆர்.பி.ஆர். நரம்பணுக்களை நேரடியாகவே தூண்டுகிறது என்றது. 2021இல் ராஸ் குழுவும், டியூக் பல்கலைக்கழகத்தின் ரு-ரோங் ஜி குழுவும் வேறு மாதிரிச் சொன்னார்கள்: மார்ஃபின் முதலில் தூங்க வைப்பது தடுப்பு நரம்பணுக்களை, ராஸ் குழுவின் கணக்கில் அது அந்த டைனார்ஃபின் நரம்பணுக்களையேதான். தடை தூங்கியதால் அரிப்பு எழுகிறது. இரண்டாவது விளக்கம்தான் எனக்கு நம்பும்படி இருக்கிறது, காரணம், கப்பா ஏற்பியைத் தூண்டி, மார்ஃபின் ஒட்டும் மியூ ஏற்பியை மறிக்கும் நால்புஃபின் என்ற மருந்து இந்த அரிப்பை அடக்குகிறது. வைரஸ் நிரந்தரமாகச் செய்ததை மார்ஃபின் சில மணி நேரத்துக்குச் செய்து காட்டுகிறது.

அதே கப்பா வழியில்தான் டயாலிசிஸ் நோயாளிகளின் அரிப்புக்கு ஜப்பானில் 2009இல் நால்ஃபுராஃபினும், அமெரிக்காவில் 2021இல் டிஃபெலிகெஃபாலினும் அனுமதி பெற்றன. சிறுநீரகம் கெட்டவருக்குத் தோல் அரிப்பது சகஜம் என்று பல காலம் கைவிட்ட ஒரு தொல்லைக்கு மருந்து வந்தது பெரிய விஷயம்தான்.

சிகிச்சைக்கு என்ன?

நரம்பு செத்த அரிப்புக்கு செட்ரிசின் வகை அலர்ஜி மாத்திரைகளால் தூக்கம் வரலாம், அரிப்பு போகாது. தோலில் அழற்சி இல்லாதபோது ஸ்டீராய்டு களிம்பும் வீண், தோலை மெலிய வைக்கும். கபாபென்டின், பிரிகாபலின் இவற்றைத்தான் மருத்துவர்கள் முயற்சி செய்கிறார்கள். தண்டுவடத்தில் நரம்பு முனைகள் செய்திப் பொருளை வெளியிடுவதை இவை குறைக்கும். தலைசுற்றலும் தூக்கமும் உண்டு, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். மரக்க வைக்கும் லிடோகெயின் பட்டை சிலருக்குக் கேட்கிறது. ஏற்கெனவே மரத்த தோலை மறுபடி மரக்க வைத்தால் ஏன் கேட்க வேண்டும்? அந்த நாலு சதவீத இழைதான் தூண்டுகிறது என்றால் கேட்கும், எல்லாமே உள்ளே தானாகத் துடிப்பது என்றால் கேட்காது. இரண்டாவது ஊகத்தைச் சோதிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. இதற்கெல்லாம் நடுவில் நகத்தை ஒட்ட வெட்டுவது, இரவில் அந்த இடத்தைக் கனமாக மூடிக் கட்டுவது. மருந்து வேலை செய்யும் வரை புண்ணைக் காப்பது கட்டுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன சுற்று விவரங்களில் பெரும்பகுதி எலியிலிருந்து வந்தவை. எலி சொறிகிறது என்பது தெரியும், அதற்கு அரிக்கிறது என்பது நாம் சொல்வது. பாஸ்டன் நோயாளியின் தண்டுவடத்தையோ முகுளத்தையோ யாரும் வெட்டிப் பார்க்கவில்லை, ஆகவே என் தீர்ப்பு ஒரு மனிதரை வைத்தும் பல எலிகளை வைத்தும் சொல்வது.

இந்த நோயின் சாது வடிவங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில், கை எட்டாத ஒரே இடத்தில் வருடக்கணக்கில் அரித்து, அங்கே தோல் கறுத்துப்போனவர்களுக்கு முதுகுத் தண்டுவட நரம்பு ஏதாவது அழுந்தியிருக்கலாம். முன்கையின் வெளிப்பக்கம் வெயில் காலத்தில் பிய்த்தெடுக்கிற மாதிரி அரிக்கிறவர்களுக்குக் கழுத்தில் தேய்மானம் இருக்கலாம். இவர்கள் ஐஸ் வைத்தவுடன் அடங்குகிறது, எடுத்தால் திரும்புகிறது என்பார்கள், அது கிட்டத்தட்ட நோயின் கையெழுத்து. தடிப்பில்லாத, ஒரே இடத்தில், ஒரு பக்கமாக மட்டும் வரும் அரிப்பு என்றால் பஞ்சால் ஒரு தடவை, மழுங்கிய ஊசியால் ஒரு தடவை அந்த இடத்தையும் எதிர்ப் பக்கத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வேறு மாதிரி இருக்கிறது என்று நோயாளி சொன்னால், தோல் களிம்புச் சீட்டோடு சேர்த்து நரம்பு மருத்துவருக்கும் ஒரு சீட்டு வேண்டும்.